அறுபத்து மூன்று டாலர் மெஷின்

என் மனைவி புஷ்பவல்லிக்கு நான் அறுபத்து மூன்று டாலர் கடன். தொண்ணூற்றிரண்டில் திருட்டுப்போன என் மெட்டல் டிடெக்டருக்குப் பதிலாக, ஆறு வருடம் கழித்து இன்னொன்று வாங்கத்தான் அந்தக் கடன்.

சான் ஹோசே கடையில் நானூறு டாலர் மெஷின், மண்ணுக்குள் கிடப்பது தங்கமா தகரமா என்று திரையில் இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. அதை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கடையை அடைத்துவிடுவார்கள். எதைக் கண்டாலும் கத்த மட்டும் தெரிந்த, இருப்பதிலேயே மலிவானதை எடுத்தேன்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அறுபத்து மூணு டாலருக்கு எதையாவது கண்டுபிடிங்க. இல்லைன்னா மெஷினத் திருப்பிக் குடுத்துட்டு, இந்தப் பைத்தியத்த இதோட விட்றணும்,” என்றாள் புஷ்பவல்லி.

ஓட்டலில் மாவாட்டிவிட்டுப் பார்க் பார்க்காக அலைந்தேன். சோடா மூடிகள்தான் கிடைத்தன. ஞாயிறு மாலை, தோற்ற முகத்தோடு வீட்டுக் கொல்லைப்புறம் வந்தேன். கறிவேப்பிலைச் செடியருகே மெஷின் ஓயாமல் கத்தியது.

“அங்க தோண்டாதீங்க, வேர் அறுந்துரும்,” என்று ஓடிவந்தாள் புஷ்பவல்லி.

தோண்டினேன். ஓரடி ஆழத்தில், இரண்டு குப்பைப் பைகளில் சுற்றியபடி, திருட்டுப்போன என் பழைய டிடெக்டர்.

அவளைப் பார்த்தேன். அவள் செடியைப் பார்த்தாள்.

“குப்பைத்தொட்டில போட்டா நீங்க பொறுக்கிட்டு வந்துருவீங்களே,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அந்த அறுபத்து மூணு டாலரத் தர வேண்டாங்க.”