கொடியின் மூன்றாவது சத்து

“தம்பி வந்தவனோ?”

அருளப்பு வாசற்படியிலேயே நின்று கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கதிரையில் இருந்த மதலேனா தலையை ஆட்டினாள். ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம், அப்படி ஓர் ஆட்டல்.

அவர் கையில் பட்டியல் இருந்தது. நாளைக்கு மறுநாள் சகல ஆத்துமாக்களின் திருநாள். பேசாலையில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிச் சுவாமியாரின் அறைவீட்டில் கொடுக்கும். பூசையில் அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். இன்று மத்தியானத்தோடு பெயர் எடுப்பது முடிகிறது.

பதினொரு வருடமாக இந்த ஒரு நாளில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை.

மற்ற நாளெல்லாம் அருளப்பு தங்கமான மனுசன். தம்பி தோமஸ் கடலுக்குப் போய், படகு மட்டும் வலையோடு தலைமன்னார்ப் பக்கம் மிதந்து வந்த நாளிலிருந்து, அவன் பெண்சாதி மதலேனாவுக்கு மீனும் விறகும் குறையாமல் பார்த்தவர் அவர்தான். ஆனால் பெயரை எழுத வேண்டும் என்பார். செபிக்க ஆளில்லாத ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகும், என் தம்பி வேகிறான், நீ தடுக்கிறாய் என்பார்.

அவள் எழுத விடமாட்டாள். செத்தவர்களின் பெயருக்குள் அவன் பெயரை வைத்தால், தானே அவனைக் கொன்றதாகிவிடும் என்ற பயம். படகு வந்ததே தவிர உடம்பு வரவில்லையே. இந்தியக் கரை என்ன, தொலைதூரமா? எந்தச் சிறையிலோ, எந்த முகாமிலோ அந்த மனுசன் இருக்கக் கூடாதா?

இந்த முறை சண்டைக்குள் பெற்றிசியா வந்து விழுந்தாள். மதலேனாவின் தமக்கை மகள். சுவிஸில் மருந்து ஆராய்ச்சி செய்கிறவள், லீவில் வந்து நிற்கிறாள். போன கிழமை சாப்பிடும்போது தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். அமேசன் காட்டில் ஒரு கொடியையும் ஓர் இலையையும் சேர்த்து அவித்துக் குடிப்பார்களாம். அயவாஸ்கா என்று பெயராம். குடித்தவர்களுக்கு முன்னால் செத்துப்போனவர்கள் வந்து நின்று கதைப்பார்களாம். அந்தக் கொடியில் இருந்து எடுத்த மருந்து தன்னிடம் கொஞ்சம் இருக்கிறது என்றாள்.

அருளப்பு சோற்றை விட்டு நிமிர்ந்தார்.

“அப்ப அதைக் குடி, மதலேனா. செத்தவை தானே அதில வருவினம்? தம்பி வந்தானெண்டா பேரை எழுதுறன். வரேல்லையெண்டா, அந்தோனியாராணை, இனி இந்த வாசலுக்குப் பட்டியலோட வரமாட்டன்.”

பெற்றிசியா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யார் கேட்டது? படகு இழுக்க ஆள் காணாது என்று அவர் எழும்பிப் போய்விட்டார். மிச்ச விளக்கத்தைச் சட்டி கழுவுகிற இடத்தில் மதலேனாதான் கேட்டாள். அந்தக் கொடியில் முக்கியமாக மூன்று சத்து. முதல் இரண்டையும் பற்றி உலகம் எழுதித் தள்ளிவிட்டது. மூன்றாவதைத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. பெற்றிசியா பார்ப்பது அதைத்தான். டெட்ராஹைட்ரோஹார்மைன்.

“இந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வருத்தம் மாறிடும்,” என்று மதலேனா சிரித்தாள்.

நேற்றுப் பின்னேரம் குடித்தாள். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. பிறகு கைகால் இளகி, நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்து கொடுத்தது. தோமஸை நினைத்தாள். மூச்சு அடைக்காமல் நினைக்க முடிந்தது. சொதிக்குத் தேசிக்காய்ப் புளி காணாது என்று ஒவ்வொரு நாளும் முகத்தைச் சுளிப்பானே, அந்தச் சுளிப்பைக்கூட நினைத்தாள். பாயில் சாய்ந்தவள் விடியும்வரை புரண்டு படுக்கவில்லை.

விடிய எழும்பினால் பசி. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவன் இல்லாமல் தனக்கு ஒன்றும் ருசிக்கக் கூடாது என்றுதானே இத்தனை வருடம் இருந்தாள்.

“சொல்லு, வந்தவனோ?”

“வரேல்லை அத்தான்.”

கோபப்படுவார் என்றுதான் நினைத்தாள். அருளப்பு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப இருக்கிறான்.”

அவ்வளவுதான் சொன்னார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றாமல் நின்றார். தம்பியின் ஆத்துமாவுக்காகப் பதினொரு வருடம் அழுத மனுசன், முதல்தரமாக அவன் வருவான் என்று நம்பி அழுதார். அதைப் பார்த்து அவளுக்கும் அழுகை வந்தது.

பட்டியலை மடிக்கப் போனவர் மடிக்கவில்லை. முதல் பெயரில் அவர் விரல் நின்றது. மாக்கிறட், அவருடைய பெண்சாதி. மூன்று வருடத்துக்கு முன் அவர் மடியிலேயே உயிரை விட்டவள்.

“அந்த மருந்து மிச்சம் கிடக்கோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். “மாக்கிறட்டை ஒருக்காப் பாக்கவேணும் போல கிடக்கு. நான் கூப்பிட்டா அவள் வருவாள்.”

குசினி வாசலில் நின்ற பெற்றிசியா சின்னம்மாவைப் பார்த்தாள்.

“முடிஞ்சுது அத்தான்,” என்றாள் மதலேனா. “ஓராளுக்குக் காணக்கூடியதுதான் இருந்தது.”

அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அறைவீட்டுப் பக்கம் போனார்.

அலுமாரிக்குள் இன்னும் நாலு பேருக்குக் காணும்.

உருவம் காட்டுவது அந்தக் காட்டு இலைதான், கொடியின் இந்தச் சத்தைத் தனியே குடித்தால் செத்தவர்கள் ஒருவரும் வரமாட்டார்கள், மனப்பாரம் கொஞ்சம் குறையலாம் என்று தாங்கள் நினைக்கிறோம், அதுவும் இன்னும் உறுதியில்லை என்று பெற்றிசியா அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

ஒருவரும் வரமாட்டார்கள் என்பதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் மதலேனா குடிக்கச் சம்மதித்தாள்.