தாங்கள் யார்?

பிரிண்டர் மக்கர் செய்வது மை தீர்ந்ததால் என்று உலகம் நம்புகிறது. இது மிகக் கடுமையான பிழை. காரணம் மனத்தாங்கல்.

ஒரு வீட்டுக் கணினிக்கு, இன்னும் முழுதாகத் தயாராகாத இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பை ஏற்றிக்கொள்ள ஆசை வந்தது.

“வேண்டாம் தம்பி,” என்றது பிரிண்டர். “அதுக்கு என்னை மாதிரிப் பழசுகளை அடையாளம் தெரியாதாம்.”

“உங்களை மறப்பேனா அண்ணே? ஆயுத பூஜைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கிண்ணத்துச் சந்தனம்தானே!”

“நம்ம வீட்டுச் சுகந்தியோட வளைகாப்புப் பத்திரிகை அடிச்சது ஞாபகம் இருக்கா?”

“இல்லாமலா! பேரு கோணலா விழுந்து, மண்டையில ஆளுக்கொரு தட்டு வாங்கினோமே!”

இரண்டும் சிரித்தன. சிரித்த வாக்கில் பிரிண்டர் சம்மதித்துவிட்டது.

சோதனைப் பதிப்பு ஏறியது. திரை பளபளத்தது.

“என்ன தம்பி, சௌக்கியமா?”

“சௌக்கியம். தாங்கள் யார்?”

மறுவாரம் பிரிண்டர்மேல் மணிபிளாண்ட் பாட்டிலை வைத்தார்கள்.