ஒரே சாவி

மாடி அறையின் இரும்புக் கதவைத் தட்டிப் பார்த்தார் காப்பீட்டு அதிகாரி. நாணயச் சேகரிப்புக்குப் பாலிசி கேட்டு வீட்டுக்காரர் போன மாதம் எழுதியிருந்தார்.

"உள்ளே ஈரம் போகாதேம்மா? பழைய காசெல்லாம் பச்சை பூத்துடும்."

"ஈ எறும்பு கூடப் போகாது சார்," என்றாள் வீட்டுக்காரரின் மனைவி. "சாத்தினா தானாப் பூட்டிக்கும். வெளியிலேர்ந்துதான் திறக்க முடியும்."

"சாவி எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு. என்னை நம்பித் தர மாட்டார். எப்பவும் அவர் இடுப்புலதான் இருக்கும்."

"அப்போ அவரைக் கூப்பிடுங்க. காசைக் கண்ணால பார்த்தாத்தான் பாலிசி போட முடியும்."

"பார்க்காமப் போட முடியாதா?"

"முடியாதும்மா. அவர் எங்கே?"

அவள் இரும்புக் கதவைப் பார்த்தாள்.

"காசைத் துடைக்கணும்னு போன திங்கட்கிழமை உள்ளே போனார். கதவு சாத்திக்கிச்சு."

"ஐயோ! யாரையும் உதவிக்குக் கூப்பிடலையா?"

"சாயங்காலம் வரைக்கும் தட்டினார்," என்றாள் அவள் அமைதியாக. "இருபது வருஷமா, சாப்பிட வாங்கன்னு நான் கூப்பிட்டப்பெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார். அதையே நானும் சொன்னேன் சார். 'இருங்க, இப்போ என்ன அவசரம்?'"