கோலமாவுக் கோடு

சுவிட்சைப் போட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.

அணைத்துவிட்டு மறுபடியும் போட்டான்.

தறிகளை விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகை அப்படியே இருந்தது. ஓட்டுச் சந்துகளில் மத்தியான வெயில். நடுவில், ஆளைவிட உயரமாக, அவன் கட்டிய டெஸ்லா காயில். ஒரு பெரிய குழாய். அதன்மேல் இழை பிசகாமல் சுற்றிய செம்புக் கம்பி. உச்சியில் அலுமினிய வளையம்.

அந்த வளையத்திலிருந்து மின்னல் கிளம்ப வேண்டும். அவன் கையிலிருக்கும் டியூப்லைட் எந்தக் கம்பியும் இல்லாமல் எரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையானால் ஊரில் மற்ற ஆண்கள் சீட்டாடுவார்கள். இவனுக்கு மின்னல்.

சுவரோரம் நின்ற அவன் மனைவிக்கு மனசு லேசாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருப்பதில் வெட்கமாகவும் இருந்தது.

அவள் முந்தானை நுனி கனத்தது.

போர்டிலிருந்து கழற்றிய ஃபியூஸ் கட்டை அதற்குள் இருந்தது.

போன ஆடியில் இதே இடத்தில்தான் விழுந்தான். அன்றும் இப்படித்தான், போட்டான், எரியவில்லை. எங்கே கோளாறு என்று பார்க்கப் போனவன் சுவிட்சை அணைக்க மறந்தான். எங்கோ விட்டிருந்த தொடர்பு அவன் கை பட்டதும் ஒட்டிக்கொண்டது. அவள் டீ எடுத்துக்கொண்டு வந்தபோது சுவரோரம் கிடந்தான். பேச்சு வர வெகுநேரமாயிற்று. வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை.

எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி மகள் போனில் அழுதாள். அக்கம்பக்கமும் அதையே சொன்னது. மனைவி மட்டும் சொல்லவில்லை. அந்தக் கம்பியைச் சுற்றும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

சொல்வதற்குப் பதிலாகக் கோலமாவை எடுத்துவந்தாள். காயிலைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டாள்.

கோட்டைத் தாண்டி அவன் உள்ளே போனால், ஃபியூஸ் கட்டை அவள் முந்தானையில் முடிந்திருக்க வேண்டும். அவன் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்ற பிறகுதான் அவள் போய்ப் போர்டில் செருகுவாள். அதுதான் ஏற்பாடு. கோடு அழிய அழியப் புதிதாகப் போட்டாள்.

காலையில் அவனே சொல்லியிருந்தான்.

"இன்னைக்கும் எரியலீன்னா கழட்டிப் போட்டுடறேன் புள்ள."

சற்றுமுன் அவன் வெளியே வந்து நின்றதும் அவள் போர்டு வரை போனாள். முடிச்சில் கை வைத்தாள். சுவரோரம் அவன் கிடந்த கோலம் கண்ணுக்குள் வந்தது.

அவிழ்க்காமலே திரும்பி வந்தாள்.

"போட்டாச்சுங்க."

அவன் நம்பினான். அவள் சொல்லி அவன் எதைத்தான் நம்பவில்லை?

இப்போது டியூப்லைட்டைச் சுவரில் சாய்த்து வைத்தான். தலையைக் குனிந்துகொண்டு காயிலை நோக்கி நடந்தான். குதிகால் பட்டுக் கோடு கலைந்தது.

காயிலின் அடியில் இரண்டு பித்தளைக் குமிழ்கள் எதிரும் புதிருமாக இருந்தன. முதல் பொறி அங்கேதான் பாயும். குத்துக்காலிட்டு ஒவ்வொரு கையிலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். சோர்ந்துபோய், அப்படியே பிடித்தபடி இருந்தான்.

அவள் சுவிட்சைப் பார்த்தாள்.

போட்டபடியே இருந்தது.

கை தானாக முந்தானையைத் தேடிப் பிடித்தது. முடிச்சு இருந்தது. உள்ளே கட்டை இருந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

பிறகுதான் மூச்சு வந்தது.

"ஏனுங்க... சுச்சு போட்டபடியே இருக்குதுங்க."

அவன் திரும்பினான்.

சுவிட்சைப் பார்த்தான். குமிழ்களைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

கடைசியில், அவள் இறுக்கிப் பிடித்திருந்த முந்தானை நுனியைப் பார்த்தான்.

குமிழ்களை மெதுவாக விட்டான். இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு ஏதோவாக மாறியது.

அவளும் அழுதாள். ஆடியிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கிப் போனது.

அவன் எழுந்து வந்து சுவிட்சை அணைத்தான். கட்டைக்காகக் கை நீட்டவில்லை. போடவில்லையா என்று கேட்கவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனரை எடுத்தான்.

கழற்றப் போகிறான்.

அவள் ஸ்பேனரை வாங்கி ஜன்னல் மேல் வைத்தாள்.

கோலமாவு டப்பாவை எடுத்துவந்து, அவன் குதிகால் கலைத்த இடத்தைச் சேர்த்துப் போட்டாள். போர்டுக்குப் போனாள். முடிச்சை அவிழ்த்தாள். பயம் இருந்த இடத்தில் ஒரு ஆசை வந்து உட்கார்ந்திருந்தது. அந்த மின்னலை அவளும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கட்டை டக்கென்று உட்கார்ந்தது.

"டியூப்லைட்ட எடுத்துட்டு அங்க நில்லுங்க. இனிமே சுச்சு எம்பட கையில."

அவன் போய் நின்றான். கோட்டுக்கு வெளியே, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு. டியூப்லைட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். அது ஆடிக்கொண்டே இருந்தது.

சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அந்த ஆட்டம் நிற்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.