முப்பத்தொன்றாவது மரம்

"ஒரு பெயருக்குப் பதினெட்டு ரூபிள்" என்றார் என்ஜினியர் பாக், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து. "கல்லு, செதுக்குற கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து."

"பரவாயில்லையே" என்றார் டீக்கடை தோஜிபாய். "பெத்து, இருபது வருஷம் வளத்து, சண்டைக்கு அனுப்பினதுக்கு ஒரு ஆட்டுத் தொடை விலையாவது தேறுது."

மர்கிலான் பூங்காவின் மூலையில் இருந்தது தோஜிபாயின் கடை. பகலில் கடை, இருட்டினால் அதுவே வீடு. எதிரே கால்வாய்க் கரையில் வரிசையாகப் பாப்லர் மரங்கள்.

அந்த ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் தகப்பன் ஒரு பாப்லர் கன்று நடுவான். பையனுக்குக் கல்யாணம் வந்தால் அதை வெட்டி, அவன் வீட்டுக் கூரைக்கு உத்தரமாகப் போடுவார்கள். ஜெர்மன் சண்டைக்குப் போய்த் திரும்பாத பையன்களின் மரங்களை வெட்ட யாருக்கும் கை வரவில்லை. பிற்பாடு சுற்றிலும் பூங்கா வந்தது. மரங்கள் நின்ற இடம் நினைவுத் தோட்டம் ஆனது. வெற்றியின் நாற்பதாவது ஆண்டு விழாவுக்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று பாக்கைத் தாஷ்கெந்த்திலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

மரத்துக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு பெயர். உத்தரவு அவ்வளவு சுலபம். கல் முப்பது வந்து இறங்கியது. மரம் முப்பத்தொன்று.

பாக் மேலிருந்து எண்ணினார், கீழிருந்து எண்ணினார், கூலியாளை விட்டு எண்ணச் சொன்னார். முப்பத்தொன்றுதான். பழைய பட்டியலைப் புரட்டினால் அதிலும் எண்கள் முப்பத்தொன்று வரை ஓடின. ஆனால் பதினேழாவது பெயர் மட்டும் படிக்கவே முடியாதபடி மையால் அடிக்கப்பட்டிருந்தது.

"யாரு அகா இந்தப் பதினேழு?" என்று தோஜிபாயை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"எந்தக் குமாஸ்தா தூக்கத்துல எழுதினானோ" என்றார் தோஜிபாய். "கல் இல்லாத மரம் எதுக்கு? வெட்டிடுங்க."

"வெட்டக் கூடாது."

வரிசையில் பதினேழாவது மரத்தடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த ரொட்டிக்காரி சலோமத்தின் குரல்.

"அது யாரோட மரம், ஓபா?" என்று அக்காவிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார் பாக்.

"யாரோடதா இருந்தா என்ன? நிழல் தருது, உக்காந்திருக்கேன்."

"இருபது வருஷமா நிழல்ல உக்காந்திருக்கா" என்றார் தோஜிபாய். "பனி கொட்டுற மாசத்துலயும்."

"உன் கழுநீருக்குக் கூட்டம் வர்றதே என் ரொட்டியாலதான். நீ பேசாதே."

"நல்ல மரம் தம்பி. இப்ப வெட்டினாலும் உத்தரத்துக்கு ஆகும்" என்றார் தோஜிபாய் பாக்கிடம்.

"அறுபத்துமூணு வயசு மரம் உத்தரத்துக்கா? உள்ளே பொக்கையா இருக்கும்" என்றாள் சலோமத்.

"தட்டித்தான் பாரேன்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பாக்குக்குப் புரியவில்லை. மரத்தின் வயது வரைக்கும் தெரிந்தவளுக்கு மரத்துக்காரன் பெயர் தெரியாதா? நாவிதரைக் கேட்டார், நாவிதர் கத்தியைத் தீட்டினார். பூங்காக் காவலாளியைக் கேட்டார். "அதை மட்டும் கேக்காதீங்க சார்" என்று அவன் தோஜிபாயைப் பார்த்தான். தோஜிபாய் வானத்தைப் பார்த்தார்.

வியாழக்கிழமை மேலதிகாரிகள் வருகிறார்கள். கல்லும் மரமும் ஒத்துப்போகாவிட்டால் பாக்கின் வேலைக்கே ஆபத்து. புதன் காலையில் ரம்பக்காரர்கள் வந்தார்கள். சலோமத் மரத்தில் முதுகைச் சாய்த்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு நகர மறுத்தாள்.

"சும்மா நிக்காதீங்க, அறுங்க" என்று கடையிலிருந்து அவசரப்படுத்தினார் தோஜிபாய்.

பாக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க மகனோட மரமா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

"எனக்கு ஏது தம்பி மகன்" என்று அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல் நெஞ்சக்காரன் என்று பாக் முடிவு கட்டினார். ரம்பக்காரர்களை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, தபால் ஆபீசுக்குப் போய் ஒரு போன் செய்தார். திரும்பி வந்து சலோமத்தின் முன் குந்தினார்.

"கவலைப்படாதீங்க ஓபா. மரம் நிக்கும். முப்பத்தொண்ணாவது கல்லுக்குச் சொல்லிட்டேன். சாயங்காலம் வந்துடும். 'பெயர் தெரியாத வீரன். போரில் உயிர் நீத்தான்'னு செதுக்குறாங்க."

சலோமத் கூடையை மடியிலிருந்து இறக்கினாள். "செத்துட்டான்னா?"

"ஆமா ஓபா. அப்படித்தானே எழுதணும்."

"நாப்பத்துமூணுல ஒரு கறுப்புக் கடுதாசி வந்துச்சு, செத்துட்டான்னு. நம்பினேன். ஒரு வருஷம் அழுதுட்டு வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டேன். அவரும் போய் இருபது வருஷம் ஆகுது. அதையே மறுபடி கல்லுல வேற படிக்கணுமா நான்?"

அவள் எழுந்தாள். மடியில் ஒட்டிய மாவைத் தட்டினாள்.

"வெட்டுங்க."

பாக் விழித்தார். "இவ்வளவு நாள் வேண்டாம்னீங்களே ஓபா?"

"செத்தவன் திரும்பி வந்து கேட்டானே, அவனுக்கு வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நீ எங்கே நடுவுல வந்தே?" என்றவள் டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஓய் பதினேழு, ஆசாரியைக் கூட்டிட்டு வா. என் வீட்டுக் கூரைக்கு அளவெடுக்கணும்."

கொதிக்கிற கெட்டிலை அப்படியே விட்டுவிட்டுத் தோஜிபாய் ஆசாரி வீட்டுப் பக்கம் ஓடினார். அறுபத்துமூன்று வயதுக்கு நல்ல ஓட்டம்.

புதுக் கல்லை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாக் அன்று மாலை அறிக்கையை முடித்தார்: "கல் முப்பது, மரம் முப்பது. கணக்கு சரி. பதினேழாம் எண் மரம், உரியவர் நேரில் வந்து கேட்டதால், கல்யாணத்துக்காக அவரிடமே ஒப்படைக்கப்பட்டது."