டில்லி சாய்ந்து நின்றாள்

சந்துக்குள் நின்ற டில்லியை லோர்னா இரண்டு தடவை பெயர் சொல்லி அழைத்தாள். குதிரை காதைக்கூட அசைக்கவில்லை.

அது லோர்னாவின் குதிரை. தாய்க்குதிரை செத்த அன்றிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள். நியூ ஃபாரஸ்ட் காட்டில் எங்கே மேய்ந்தாலும், சாயங்காலமானால் டில்லி அவள் வீட்டுக் கேட்டில் வந்து மூக்கை உரசுவாள். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

இப்போது பத்து நாளாக ஹாரியட் வீட்டோரமே கதி என்று கிடக்கிறாள்.

ஹாரியட் போன வசந்தத்தில் லண்டனிலிருந்து குடிவந்தவள். காட்டுக் குதிரைக்கு ஆப்பிள் நீட்டக் கூடாது என்பதுகூடத் தெரியாதவள்.

லோர்னாவுக்கு வயிறு எரிந்தது. ஒரு ஆப்பிளுக்கு விலைபோன கழுதை என்று வாய்விட்டே திட்டினாள். அந்தச் சந்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தினமும் தன் பன்றிகளைக் காட்டுக்கு மேய ஓட்டிப் போகும்போதுகூடச் சந்து முனையில் திருப்பி ஆற்றங்கரைக்கு விட்டுவிடுவாள்.

இலையுதிர் காலத்தில் இந்தக் காட்டுக்குப் பன்றிகள்தான் காவல். உதிர்ந்து கிடக்கும் ஓக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம். பன்றிக்கு அது விருந்து. பன்றி முந்திக்கொண்டால் மற்றவை பிழைக்கும்.

இன்றைக்கு வீம்பை விழுங்கிவிட்டுக் கயிறும் கையுமாகக் கிளம்பி வந்திருந்தாள்.

ஹாரியட் வெளியே வந்து டில்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் சிரிப்பைப் பார்க்கவே லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோவிச்சுக்காதீங்க லோர்னா, இவ என்னை விட்டு நகரவே மாட்டேங்கறா. ரெண்டு நாளா ஆப்பிள்கூட வேணாமாம். இப்படி என் தோள்ல சாஞ்சுக்கிட்டு நின்னாப் போதுமாம் இவளுக்கு."

டில்லி யார்மேலும் சாய்கிற ரகம் இல்லை. லோர்னாவிடமே சாய்ந்ததில்லை.

பொறாமையோடு ஒரு அடி முன்னே வைத்தாள். காலடியில் ஏதோ நொறுங்கியது. அண்ணாந்து பார்த்தாள். ஹாரியட் வீட்டு ஓக் மரம் சந்து முழுக்கக் கிளை விரித்திருந்தது.

ருசி கண்ட குதிரை ஓக் மரத்தடியை விட்டு நகராது. விஷம் ஏறிய குதிரை எதையும் தின்னாது, எதன் மேலாவது சாய்ந்துதான் நிற்கும்.

அப்படியானால் இது பிரியமில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, லோர்னாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் மண்ணைப் பார்த்தாள். பன்றி மூக்கு கிளறிய தடம் ஒன்றுகூட அங்கே இல்லை.