ஏழாவது கணக்கு

“அம்பது நிமிசம் எம்புள்ள எங்க நின்னுகினு இருந்தான்? அத்தச் சொல்லு மொதல்ல!”

தையல்நாயகியின் குரல் எங்கள் தெருவுக்கு மட்டுமல்ல, முடிச்சூர் மெயின் ரோட்டில் போன பஸ்ஸுக்கும் கேட்டிருக்கும்.

அவள் ஒரு கையில் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு, இன்னொரு கையில் மகள் ஹேமாவதி. கேட்டுக்கு அந்தப் பக்கம் ட்யூஷன் டீச்சர் சத்யபிரியா, விரலெல்லாம் சாக்பீஸ் மாவு. அவள் முதுகுக்குப் பின்னால் வகுத்தலைப் பாதியில் விட்டுவிட்டுப் பதினோரு பிள்ளைகள்.

நான் மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்து முடித்து அரைமணி ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

சத்யபிரியா, யேசுதாசன் சாரின் பெண். பகலில் வண்டலூர் பக்கம் ஒரு பள்ளியில் வேலை, மாலையில் வீட்டில் ட்யூஷன். வீட்டுக் கணக்கை ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பாள்.

அவள் கணக்கில் ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் வராது. தெரு ஆட்கள்தான் வருவார்கள். குமரவேல் ஒரு சட்டைக்கு நான்கு நிமிடம் வீதம் இஸ்திரி போடுவான். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற கணக்கு மட்டும் மூன்று முறை வந்திருக்கிறது. மோட்டாரை அணைக்க மறந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக மூன்று முறையா?

இப்போது சண்டைக்கு வந்திருப்பது ஹேமாவின் நோட்டில் இருந்த ஏழாவது கணக்கு.

‘மோகன்ராஜ் காலை 7 மணிக்கு முடிச்சூரிலிருந்து பைக்கில் புறப்படுகிறார். 24 கி.மீ. தொலைவிலுள்ள கேளம்பாக்கத்துக்கு மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்கிறார். 8.30க்குப் போய்ச் சேர்ந்தார் எனில், வழியில் எவ்வளவு நேரம் நின்றார்?’

மோகன்ராஜ் தையல்நாயகியின் மூத்த பிள்ளை. கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி. அவன் ஏழு மணிக்குக் கிளம்புவதும் எட்டரைக்குக் கார்டு தேய்ப்பதும் தெருவுக்கே தெரியும். சொன்னதே தையல்நாயகிதான். ஹேமா அவனுக்குப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்த தங்கை. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.

ஹேமா கணக்கைப் போட்டாள். விடை ஐம்பது நிமிடம். சரிதானா என்று அண்ணனிடம் நீட்டினாள். சனிக்கிழமை, அவனுக்கு லீவு.

இன்ஜினியரிங் படித்தவன். நோட்டைப் பார்த்தான். “தப்பு. எங்கயும் நிக்கல,” என்றான். அவர்கள் ஹால் ஜன்னல் எங்கள் சமையலறைக்கு நேர் எதிரே. நான் என்ன செய்ய?

அங்கேதான் மாட்டிக்கொண்டான். தையல்நாயகி எட்டாவதுதான். ஆனால் வயலை ப்ளாட் போட்டு விற்ற குடும்பம். சதுர அடியை வாயாலேயே பெருக்குவாள். ஓடுகிற நேரம் நாற்பது நிமிடம், மிச்சம் ஐம்பது. பத்து வயதுப் பெண் சரியாகச் சொல்கிறாள், படித்த பிள்ளை ஏன் பொய் சொல்கிறான்?

வெள்ளிக்கிழமை கூடுவாஞ்சேரிப் பெண்ணுக்குப் பூ வைக்கப் போகிறார்கள். வேனுக்குச் சொல்லியாயிற்று. அந்த ஐம்பது நிமிடத்துக்குள் எவளாவது இருந்து தொலைத்தால்?

குமரவேல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “வண்டலூர் சிக்னல்லயே பத்து நிமிசம் பூடும்க்கா.”

“பத்து வெச்சிக்கோ. மிச்சம் நாப்பது.”

“டீ?” என்றார் பக்கத்து வீட்டு அப்பாதுரை சார்.

“வூட்ல குடிச்சிட்டுத்தான் போறான். சரி, அஞ்சு.”

பெட்ரோலுக்கு ஐந்து. மாடு குறுக்கே வந்ததற்கு ஐந்து. தெருவே சேர்ந்து கழித்தும் இருபத்தைந்து நிமிடம் கரையவில்லை.

“நீயே சொல்லு டீச்சரு. அந்த இருவத்தஞ்சு நிமிசம் யாரு கூட நின்னான்?”

சத்யபிரியா துப்பட்டாவில் விரலைத் துடைத்தாள்.

“யார் கூடன்னு கணக்குல கேக்கலையே ஆன்ட்டி. வேணும்னா அவரையே கேளுங்க.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பால்கனியில் அதுவரை செடியைப் பார்ப்பதுபோல நின்ற மோகன்ராஜ், மெதுவாகப் படியிறங்கி வந்தான். தெருவின் நடுவில் நின்றான். வாயைத் திறந்தான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தொட்டி நிரம்பிக் கொட்டியது.

ஓடிப்போய் மோட்டாரை அணைத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குமரவேல் தையல்நாயகிக்கு ஸ்டூல் போட்டிருந்தான். அப்பாதுரை சார் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

என் பெண் ஜீவிதாவும் அந்த ட்யூஷன்தான். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். ஏழாவது கணக்கு: எங்கள் தொட்டி. நான்காவது முறை.

மறுநாள் ஒவ்வொரு வீடாகக் காபித்தூள் கடன் கேட்கப் போய், மற்ற நோட்டுகளையும் பார்த்துவிட்டேன். பதினொன்றிலும் தொட்டிதான். மோகன்ராஜ் ஹேமாவின் நோட்டில் மட்டும்தான் பைக் ஓட்டியிருக்கிறான்.

அவனுக்குத் தைரியம் வரும் என்று சத்யபிரியா எத்தனை நாள் காத்திருந்தாளோ, அது எந்த நோட்டிலும் இல்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. மிஞ்சினால் நான்கு பேரிடம்.

கூடுவாஞ்சேரிப் பெண் ஆவணியிலேயே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டாள்.

மோகன்ராஜுக்குத் தை மாதம் கல்யாணம். யேசுதாசன் சார் வீட்டில் கேக், தையல்நாயகி வீட்டில் வடை பாயசம். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் கேளம்பாக்கத்துக்கே குடிபோய்விட்டார்கள். ஆபீஸ் இரண்டு கிலோமீட்டர். ஆறு நிமிடத்தில் போய்விடுகிறானாம்.

ஹேமாவுக்கு இப்போது வேறு டீச்சர். சேர்க்கும்போதே தையல்நாயகி கண்டிஷன் போட்டுவிட்டாள்.

“ஆப்பிளு, ஆரஞ்சு, அவ்ளோதான். கணக்குல மனுசங்களே வரக் கூடாது.”